வாட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு, சொல்வதற்கு மட்டும் இல்லை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய ஒருவரிடம் "எப்படிப் பார்த்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மருந்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். டொக்டர் கதைத்தாரா இல்லையா என்பதே முதலில் வரும். "நல்ல மனிதர், இருத்தி வைத்துக் கதைத்தார்" என்பது ஒரு வைத்தியருக்கு இங்கே கிடைக்கக்கூடிய உச்சப் புகழ். "ஏறெடுத்தும் பார்க்கவில்லை, எழுதித் தள்ளிவிட்டார்" என்றால் அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் கதை முடிந்தது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துப் பேசுகிறவரெல்லாம் நல்ல வைத்தியரா, சனத்துக்கு என்ன தெரியும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைத்தியரின் அறிவை நோயாளியால் அளக்க முடியாது. தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைத் தனக்கு யாராவது சொன்னார்களா என்பதை நிச்சயமாக அளக்க முடியும். அந்த அளவையில் நமது அரசாங்க ஆஸ்பத்திரிகள் அடிக்கடி தோற்கின்றன. அதற்குத் தனியாட்களின் குணம் சிறு காரணம். நோயை விளக்கிச் சொல்லும் வேலை அங்கே யாருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்றும் அரச வைத்தியசாலைகளுக்கே போகிறார்கள். கிழக்குக் கரையில் இந்த அமைப்பின் உச்சியில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு அடுத்த படியில் வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று ஆதார வைத்தியசாலைகள். இன்னும் தெற்கே கல்முனையில் இரண்டு, பிறகு சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். அம்பாறை நகரில் பொது வைத்தியசாலை. அவற்றுக்கும் கீழே ஊர் ஊராகப் பிரதேச வைத்தியசாலைகள். போதனா வைத்தியசாலையைக் கொழும்பிலுள்ள அமைச்சு நேரடியாக நடத்துகிறது. சிறிய வைத்தியசாலைகள் அரசியலமைப்பின் 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபையின் கீழ் வந்தன. அம்பாறை மாவட்டம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஒன்று, சுகாதாரத் திணைக்களத்துக்கு இரண்டு: அம்பாறை ஒரு பிராந்தியம், கல்முனை இன்னொரு பிராந்தியம். கல்முனை நகரில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் வியப்பார்கள். ஒன்று, 2000 ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் பெயரால் விளங்குவது. மற்றது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. முஸ்லிம் சனம் பெரும்பாலும் எதற்குப் போகும், தமிழ்ச் சனம் எதற்குப் போகும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் தேடுகிற நிபுணர் மற்ற வாசலுக்குள் இருக்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் மற்ற வாசலுக்குப் போவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு படிகள் இருந்தும், இந்தப் படியில் ஏறித்தான் அடுத்ததற்குப் போகவேண்டும் என்ற விதி இல்லை. பல நாடுகளில் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியாது. இங்கே தடிமன் பிடித்தவரும் விடிய எழும்பிப் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்கலாம். அந்தச் சுதந்திரம் சனத்துக்குப் பிடித்திருக்கிறது. விட்டுக்கொடுக்கச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். ஆனால் அதன் விலையும் அதே வரிசையில்தான் தெரிகிறது. ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் பதினொரு மணிக்குப் பிறகு வாங்குகள் வெறுமையாகக் கிடக்க, நகரத்து ஆஸ்பத்திரியின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது.

சனம் சோம்பலினாலோ பகட்டினாலோ ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவதில்லை. இரத்தப் பரிசோதனைக்கு அங்கே வசதி இருக்காது, எழுதிய மருந்தில் பாதி இருக்காது, போன மாதம் இருந்த டொக்டர் இந்த மாதம் இடமாற்றத்தில் போயிருப்பார். படுவான்கரைச் சனத்துக்கு இதில் பழைய கணக்கொன்றும் உண்டு. வாவிக்கு மேற்கே வாழ்பவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் நீரைக் கடப்பது. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 இல்தான். அதற்கு முன் பிரசவ வலியோடும் பாம்புக் கடியோடும் "பாதை" என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் காத்திருந்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். 2007 வரை அந்தக் கரை விடுதலைப் புலிகளின் ஆட்சியின் கீழ் இருந்ததால், கடப்பதென்றால் நீரை மட்டும் கடப்பதல்ல, சோதனைச் சாவடிகளையும் கடப்பதுதான். அப்படிக் கஷ்டப்பட்டு ஒருமுறை போவதென்றால் பெரிய இடத்துக்கே போய்விடுவோம் என்ற நினைப்பு பாலம் வந்த பிறகும் போய்விடவில்லை.

இனி, வரிசையின் மறுமுனையில் இருக்கும் மேசைக்கு வருவோம். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு ஒரு காலைப்பொழுதில் கூட்டம் முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும். உலகின் 67 நாடுகளில் வைத்தியர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரத்தைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2017 இல் வெளிவந்தது. பங்களாதேஷில் சராசரி 48 வினாடி, சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். நமது வரிசைகளில் நின்றவர்களுக்கு, நாம் எந்த முனைக்கு அருகில் இருக்கிறோம் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. ஆனால் நேரத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. 1984 இல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிக்குள் வைத்தியர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். அங்கே வரிசையும் இல்லை, கதவுக்கு வெளியே நூறு பேரும் இல்லை. குறுக்கிடுவது வைத்தியத் தொழிலின் பழக்கம். நமது நெரிசல் அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

கிளினிக்கில் நிலைமை இன்னொரு விதம். சீனி வருத்தம், பிரசர், ஆஸ்துமா என்று மாதாமாதம் கொப்பியோடு வருபவர்கள் இவர்கள். முகங்கள் பழகியவை, கொப்பியில் "அதே மருந்து" என்று ஒரு வரி எழுதப்படும், ஒரு மாத மருந்து கிடைக்கும். வேலை வேகமாக ஓடுகிறது. பிழையும் அந்த வேகத்தில்தான் நுழைகிறது. அரசு மருந்துகளைக் கேள்விப்பத்திர முறையில் வாங்குகிறது. இந்த முறை விலைமனுவில் வென்றது ஒரு நிறுவனம், அடுத்த முறை இன்னொன்று. மருந்து அதேதான், குளிசையின் நிறமும் வடிவமும் வேறு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது, மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் அதன் மூலப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்பதுதான் கொள்கை. ஏழை நாட்டுக்கு அதைவிடச் சிறந்த கொள்கை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய மூலப்பெயரைக் கிளினிக்குக்கு வரும் மூதாட்டி வாசிப்பதில்லை. அவர் மருந்தை நிறத்தால் அறிகிறார். எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா, பிரசருக்குப் பழைய வெள்ளைக் குளிசையையும் புதிதாக வந்த இளஞ்சிவப்புக் குளிசையையும் சேர்த்தே விழுங்கி, தலைசுற்றி விழுந்தார். இரண்டும் ஒரே மருந்து. மருந்து கொடுத்த யன்னலில் ஒரே ஒரு வசனம் போதுமாயிருந்தது: "அம்மா, இது பழைய குளிசைக்குப் பதிலாக." அந்த வசனத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்று விசாரித்தால், டொக்டர் பாமசியைக் காட்டுவார், பாமசி கொப்பியைக் காட்டும்.

வாட்டுக்குள் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் உண்டு. படிப்பு முடித்து ஒரு வருட உள்ளகப் பயிற்சியில் இருக்கும் இளம் டொக்டர், டிக்கெட் என்று சொல்லும் நோயாளியின் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதுவார். அவருக்கு மேலே சிரேஷ்ட வைத்திய அதிகாரி, பயிலுநர் நிபுணர், எல்லோருக்கும் மேலே விசேட வைத்திய நிபுணர். தாதியர் நேரத்துக்கு மருந்து கொடுப்பார்கள். சிற்றூழியர் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார். வாசலில் பாஸ் பார்க்க ஒருவர் இருப்பார், அவர் தன் வேலையில் ஒருநாளும் தவறமாட்டார். நோயாளிக்கு நோயை எடுத்துச் சொல்வது யார்? இளம் டொக்டர் சொல்லியிருப்பார் என்று நிபுணர் நினைக்கிறார். பிழையாக எதையாவது சொல்லி அகப்பட்டுக்கொள்ளக் கூடாது, அதைப் பெரியவரே சொல்லட்டும் என்று இளம் டொக்டர் நினைக்கிறார். தாதியிடம் கேட்டால் "டொக்டரிடம் கேளுங்கள்" என்பார். நோயை விளக்குவது தன் வரம்புக்கு வெளியே என்றுதான் அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் மணிக்கூடும் எதிராக நிற்கிறது. நிபுணர் வாட்டைச் சுற்றிப் பார்ப்பது காலையில். நோயைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்த நேரத்தில், கட்டிலின் கால்மாட்டில், ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டார் அப்போது வெளிவாசலில் நிற்பார்கள். மதியமும் மாலையும் பார்வையாளர் நேரத்தில் வாசல் திறந்து வீட்டார் சோற்றுப் பார்சலும் சுடுதண்ணிப் போத்தலுமாக உள்ளே ஓடிவரும்போது, விளக்கம் சொல்லக்கூடியவர் வாட்டில் இருக்கமாட்டார். தகப்பன் மூன்று நாள் படுத்திருந்தும் மகனால் ஒரு டொக்டரின் முகத்தைக் காண முடியாமல் போவது இப்படித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. இரண்டு நேரங்களும் சந்திப்பதில்லை, அவ்வளவுதான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் நோய் நிர்ணய அட்டையும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆசிரியரிடம் காட்டி, அவர் அகராதி பார்த்து ஊகித்துச் சொல்வதுதான் பல குடும்பங்களுக்குக் கிடைக்கும் முதல் விளக்கம்.

சொல்லாமல் விடுவதால் நல்ல சிகிச்சை எப்படிக் கெட்ட சிகிச்சையாகத் தோன்றும் என்பதற்கு டெங்குவைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. மட்டக்களப்பில் மழைக்குப் பிறகு வாட்டுகள் டெங்கு நோயாளிகளால் நிறைவது வழமை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை, காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. சிலருக்கு அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கசிவு நின்றுவிடும். அதுவரை நீர்மத்தை அளந்துதான் கொடுக்க வேண்டும். குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் கசிந்த நீர் நுரையீரலை நெருக்கும். ஆகவே இலங்கையின் தேசிய வழிகாட்டலின்படி, எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீராக வெளியே வருகிறது என்று எழுதிக்கொண்டு, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரத்தத் தட்டுக்கள் குறைந்துவிட்டன என்பதற்காக மட்டும் தட்டுக்களை ஏற்றமாட்டார்கள். இந்தக் கவனிப்பினால்தான் பல நாடுகளோடு ஒப்பிடும்போது இங்கே டெங்கு மரணம் குறைவு.

இதையே கட்டிலருகே நிற்கும் தாயின் கண்ணால் பாருங்கள். பிள்ளையின் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள். பிள்ளை தண்ணீர் கேட்கிறது, கொடுக்க வேண்டாம், அளந்து கொடு என்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் சேலைன் ஏறுகிறது, தன் பிள்ளைக்கு இல்லை. தட்டுக்கள் விழுந்துகொண்டே போகின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதற்கும் ஒன்றும் ஏற்றவில்லை. சிறுநீரை அளக்க ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் பார்வையில் ஆஸ்பத்திரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உண்மையில் அந்த வாட்டில் அன்றைக்கு மிக நுணுக்கமாகக் கவனிக்கப்படும் உடம்பு அவள் பிள்ளையுடையதாக இருக்கலாம். இரண்டு நிமிடம் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கோப்பையை வைத்திருக்கும் தாயே சிகிச்சையின் பாதியைச் செய்துவிடுவாள். சொல்லாதபோது, மறைத்து ஒரு இளநீர் கொடுப்பாள், அல்லது கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாருக்கு ஓடுவாள்.

தனியார் என்றதும் மாலை நேரத்துக்கு வர வேண்டும். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய 1977 முதல் அனுமதி உண்டு. அதனால் காலையில் வாட்டில் கண்ணால் மட்டும் கண்ட அதே நிபுணரை, அந்தி சாய்ந்த பின் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிவு செய்து, போய்ச் சந்திக்கலாம். இதைப் பேராசை என்று திட்டுவது எளிது, சிலர் விஷயத்தில் அது பொருந்தவும் செய்யும். ஆனால் அங்கே நோயாளி எதற்குக் காசு கொடுக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். எழுதுவது பெரும்பாலும் அதே மருந்து. பரிசோதனை அறிக்கையும் காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்ததே. கூடுதலாகக் கிடைப்பது ஒரு கதிரை, ஒரு மூடிய கதவு, ஐந்து பத்து நிமிடப் பேச்சு. வாட்டில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய விளக்கம் வெளியே விற்பனைக்கு இருக்கிறது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை நெருங்கும் பங்கு குடும்பங்களின் சொந்தப் பையிலிருந்து போகிறது என்ற கணக்கைப் பார்க்கும்போது, மருந்துக்கும் ஸ்கேனுக்கும் அப்பால் அதில் எவ்வளவு வெறும் பேச்சுக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றும். சனல் பண்ணியவருக்கு மறுநாள் வாட்டில் தனிக் கவனிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. அது உண்மையோ பொய்யோ, அந்த நம்பிக்கை இருப்பதே காசில்லாதவருக்கு ஒரு தண்டனை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் கிழக்கின் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுத முடியாது. உள்ளகப் பயிற்சி இடங்களும் நிபுணர் நியமனங்களும் நாடு முழுவதற்கும் பொதுவாக வழங்கப்படுகின்றன. ஆகவே கரையோர வாட்டுகளில் சிங்களத்தை மட்டும் பேசி வளர்ந்த இளம் டொக்டர்கள் வருவது இயல்பு. சில வாரங்களில் "எங்கே நோகுது? எத்தனை நாள்?" என்று கேட்கப் பழகிவிடுவார்கள். கேட்கப் பழகுவது எளிது. வரும் பதிலைப் பிடிப்பதும், திருப்பி விளக்குவதும்தான் கடினம். "நெஞ்சு அடைக்கிற மாதிரி ஒரு அந்தரம், கை உளைவு, சாப்பிட்டால் குறையும் போல இருக்கும்" என்று ஒரு வயோதிபர் இழுத்துச் சொல்வதில் மாரடைப்பும் இருக்கலாம், வாய்வும் இருக்கலாம். மொழிபெயர்க்க என்று நியமிக்கப்பட்டவர் அநேகமாக இருப்பதில்லை. தாதியோ, சிற்றூழியரோ, சிங்களப் பகுதியில் வேலை செய்த பக்கத்துக் கட்டில்காரரோ அந்த வேலையைச் செய்கிறார். ஒரு பெண் தன் கர்ப்பப்பை சம்பந்தமான சங்கடத்தை, தன் ஊரிலிருந்தே வேலைக்கு வரும் சிற்றூழியர் ஒருவரின் வாயினூடாக டொக்டருக்குச் சொல்ல வேண்டிவந்தால், பாதியைச் சொல்லாமல் விடுவாள். மறு திசையிலும் இதுதான். தமிழ் பேசும் நோயாளியை அம்பாறை நகருக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பும்போது, கூடப் போகும் ஆளைத் தெரிவு செய்யும் முதல் தகுதி சிங்களம் தெரியுமா என்பதுதான். புற்றுநோய்க்கு மகரகமைக்குப் போய்வந்த குடும்பங்களைக் கேட்டால் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 இல் எழுதப்பட்டது, கண்காணிக்க 1991 இன் சட்டப்படி ஓர் ஆணைக்குழுவும் உண்டு. வாட்டில் அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அது இல்லாதவரை சட்டம் பெயர்ப்பலகையில் நிற்கும்.

தமிழ் வைத்தியர் என்றால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வாட்டில் இருந்து பார்க்க வேண்டும். வாய் திறக்காத டொக்டர் எந்த மொழியில் வாய் திறக்கவில்லை என்பதால் என்ன வித்தியாசம்?

இதற்கெல்லாம் மேல் 2022 வந்தது. நாட்டுக்குத் தேவையான மருந்தில் மிகப் பெரும் பகுதி இறக்குமதி. டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துகளே தீர்ந்தன, சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. வெளியே பாமசியில் வாங்கும்படி சிட்டை எழுதிக் கொடுப்பது அன்றாட வழக்கமானது. அதே காலத்தில் வைத்தியர்கள் பெருந்தொகையில் வெளிநாடு போனார்கள். எஞ்சியவர்களின் மேசைக்கு முன் வரிசை இன்னும் நீண்டது. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்து விவகாரம் வெளியே வந்து, மறுவருடம் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். இதன் விளைவு மட்டக்களப்பின் ஒரு மூலையிலுள்ள வாட்டிலும் தெரிந்தது: ஊசியைக் கண்டதும் "இது நல்ல மருந்தா மிஸ்?" என்று கேட்கும் ஆட்கள் கூடினார்கள். கேட்பது நியாயம். கேட்கப்படும் தாதிக்கும் அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இவ்வளவு மனக்குறை இருந்தும் முறைப்பாடு குறைவு. வைத்தியசாலைப் பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், இலங்கை மருத்துவ சபை, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று கதவுகள் பல உண்டு. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச வைத்தியசாலையிடம் தன் சிகிச்சைப் பதிவைக் கேட்கலாம். கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் நாளைக்கும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும் என்ற பயம் சட்டப் புத்தகத்தில் இல்லை. சீனி வருத்தக்காரருக்கு அந்த ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கிளினிக் இல்லை. கொப்பியில் தன் பெயருக்கு முன்னால் ஒரு குறி விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். நீதிமன்றப் பாதையும் கரடுமுரடானது. நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாட்டில் மிகவும் பேசப்பட்ட வழக்கான ஆர்சகுலரத்ன எதிர் பிரியானி சொய்சாவில், பிள்ளையை இழந்த தகப்பன் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 2001 இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் கவனக்குறைவை ஏற்றுக்கொண்டும், மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என நட்டஈட்டை ரத்துச் செய்தது. அந்தத் தகப்பன் ஒரு சட்டத்தரணி. வேளாண்மை செய்பவரின் நிலை என்ன என்று நாமே கணக்குப் பார்க்கலாம்.

முறையாகக் கேட்க வழியில்லாதபோது முறைகேடாகக் கேட்பார்கள். பிரசவத்திலோ காய்ச்சலிலோ ஒரு சாவு விழுந்ததும் வாசலில் கூட்டம் கூடுவதும், வாட்டுக்குள் கை நீள்வதும், மறுநாள் வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்வதும், பிறகு ஒரு விசாரணைக்குழு என்பதும் நாட்டில் பல இடங்களில் நடந்தவை. வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். நிலைமை மோசமாகிறது என்று வீட்டாருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சுகமாகி வருவார் என்று நம்பிச் சோறு கொண்டுபோன ஆளின் கையில்தான் மரணச் செய்தி கொடுக்கப்படுகிறது. அதிர்ச்சி கோபமாகத் திரும்ப அதிக நேரம் எடுக்காது. சிகிச்சை சரியாகவே நடந்திருந்தாலும் அதை அப்போது எவராலும் நம்பவைக்க முடியாது.

நமது ஆட்களுக்குப் பேச வராது, இது கலாசாரம் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. அதை மறுக்க, அதே சுகாதாரத் திணைக்களத்தின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தால் போதும். ஊரில் எல்லோரும் மருத்துவிச்சி என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து தாயின் கையில் ஒரு அட்டை இருக்கிறது. அதில் நிறை, பிரசர், இரும்புக் குளிசை எல்லாம் எழுதப்படுகின்றன, எழுதப்பட்டது என்ன என்று தாய்க்குத் தெரியும். எந்த அறிகுறி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கும். இந்த ஏற்பாட்டின் வேர் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு வரை போகிறது. இன்று இலங்கையில் அநேகமாக எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையிலேயே நடக்கிறது. தாய் மரணம் தென்னாசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு தாய் மரணமும் ஏன் நடந்தது என்று தனியாக விசாரிக்கப்படுகிறது. மருத்துவிச்சிக்கு டொக்டரைவிடப் படிப்புக் குறைவு, சம்பளம் குறைவு, பொறுப்பில் உள்ள குடும்பங்களோ ஏராளம். அவருக்கு ஒரே ஒரு வித்தியாசம்: சொல்வது அவருடைய வேலை என்று எழுதப்பட்டிருக்கிறது, சொன்னாரா என்று மேலே உள்ளவர் பார்க்கிறார். ஆகவே சொல்கிறார். படுவான்கரையில் ஆஸ்பத்திரியைத் திட்டும் வாய் மருத்துவிச்சியைத் திட்டுவதை நான் அதிகம் கேட்டதில்லை.

ஆகவே நான் கேட்பது வைத்தியர்களுக்குப் பண்பு பற்றிய இன்னொரு பயிற்சிப் பட்டறை அல்ல. அவை நடந்துகொண்டேதான் இருக்கின்றன, தேநீரும் சான்றிதழும் கொடுக்கிறார்கள். கேட்பது, வேலைப்பட்டியலில் ஒரு வரி. மாலைப் பார்வையாளர் நேரத்தில் ஒவ்வொரு வாட்டிலும் ஒரு டொக்டர் இருந்து வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அன்று யாருடைய முறை என்பது சுவரில் ஒட்டப்பட வேண்டும். நோய் நிர்ணய அட்டையின் அடியில் தமிழில் நான்கு வரி: என்ன வருத்தம், எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எப்போது திரும்பி வர வேண்டும். மருந்து யன்னலில் குளிசை மாறினால் அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு சுற்றறிக்கை. இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை, திறப்பு விழாவுக்கு அமைச்சரும் தேவையில்லை. ஒருவேளை அதனால்தான் இவை நடப்பதில்லை.

மட்டக்களப்புக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்து மருத்துவ மாணவர்கள் போதனா வைத்தியசாலை வாட்டுகளிலேயே படிக்கிறார்கள். நோய் வரலாறு கேட்டு எழுதுவது அவர்கள் படிப்பின் பகுதி. தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் அந்தப் பிள்ளைகள், இங்கே நோயாளியிடம் கேட்டறிய வேண்டுமானால் தமிழ் பழகியே ஆக வேண்டும். முழு ஆஸ்பத்திரியிலும் கட்டிலருகே நின்று, குறுக்கிடாமல், அரை மணி நேரம் ஒரு கிழவரின் கதையைக் கேட்பவர்கள் அவர்கள் மட்டும்தான். நோயாளிகளும் அவர்களிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். ஆனால் ஒரு பதிலும் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை, அது சரியும்தான். நிபுணரோ சிரேஷ்ட வைத்தியரோ பக்கத்தில் நிற்க, துண்டு வெட்டும் நாளில் நோயாளிக்கு அவருடைய நோயைத் தமிழில் விளக்கிக் காட்டுவதை அவர்களுடைய மதிப்பீட்டில் புள்ளியுள்ள ஒரு பகுதியாக வைத்தால், மாணவர் கற்பார், மேலே நிற்பவர் திருத்துவார், நோயாளியும் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். புள்ளி இல்லாத எதையும் மருத்துவ மாணவர் செய்யமாட்டார் என்பது அந்தப் பீடத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.